பழைய ஐரோப்பியக் காதல் படங்களை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

1945-இல் வெளிவந்த 'பிரீஃப் என்கவுன்டர்' என்ற பிரிட்டிஷ் படத்தில் ஒரு பிரிவுக் காட்சி வருகிறது. லாராவுக்கும் அலெக்குக்கும் தனித்தனியே குடும்பம் உண்டு, குழந்தைகள் உண்டு. இனிமேல் சந்திப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டு, ரயில் நிலையத்துச் சிற்றுண்டி அறையில் கடைசிச் சில நிமிடங்களைக் கழிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து லாராவுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி வந்து அதே மேசையில் உட்கார்ந்து ஓயாமல் பேசத் தொடங்குகிறாள். விடைபெறக்கூட வழியில்லை. அலெக்கின் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எழுகிறான், லாராவின் தோளில் ஒரு கணம் கையை வைக்கிறான், போய்விடுகிறான்.

காதலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் பார்க்கிறவருக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தப் படம் வெளிச்சத்திடமும் லென்ஸிடமும் பியானோவிடமும் கொடுத்துவிடுகிறது. அந்தக் காலத்து ஐரோப்பியக் காதல் படங்களில் நல்லவை எல்லாமே இப்படித்தான் வேலை செய்கின்றன. "மெதுவாகப் போகிறது, ஒன்றுமே நடக்கவில்லை" என்று பாதியில் எழுந்துவிடுபவர்கள் கதையை வசனத்தில் மட்டும் தேடியிருப்பார்கள். கதை வேறு இடத்தில் நடந்துகொண்டிருக்கும்.

அந்த வேறு இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி. சினிமாப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும், ஒரே காட்சியைத் திரும்பப் பார்க்கிற பொறுமையும் போதும். உதாரணங்களை 1945 முதல் 1967 வரையிலான சில படங்களிலிருந்து எடுத்திருக்கிறேன். சில காட்சிகளின் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது வேண்டாம் என்பவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே வரலாம்.

படி 1: நல்ல பிரதியைத் தேடுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காட்சியழகைப் பற்றிப் பேசப் போகிற நமக்கு, வெளிறிப்போன பிரதி எந்த உதவியும் செய்யாது.

ஜாக் தெமி இயக்கிய 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்' (1964) இதற்குச் சரியான உதாரணம். சுவர்த்தாளின் நிறமே கதை சொல்கிற படம் அது. ஆனால் அந்தக் காலத்து ஈஸ்ட்மேன்கலர் ஃபிலிம் நாளாக ஆக நிறம் மங்கிவிடும். இந்தப் படத்துக்கும் அதுதான் நடந்தது. நல்லவேளையாக, மூன்று அடிப்படை நிறங்களையும் தனித்தனியாகக் கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களில் பதிந்து வைத்திருந்தார்கள். கறுப்பு-வெள்ளை அப்படி மங்காது. தெமி 1990-இல் இறந்தபின், அவருடைய மனைவியும் பெரிய இயக்குநருமான அன்யெஸ் வார்தா முன்னின்று படத்தை மீட்டெடுத்தார். ஆகவே பழைய மங்கல் பிரதி ஒன்றும் மீட்டெடுத்த பிரதி ஒன்றும் கிடைத்தால், யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

அடுத்தது படச் சட்டத்தின் (ஃபிரேமின்) அளவு. 'பிரீஃப் என்கவுன்டர்' போன்றவை கிட்டத்தட்டச் சதுரமான 1.37:1 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலமான டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். திரை நிறைய வேண்டும் என்று இழுத்துவிட்டால் முகம் அகன்றுபோகும். பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும். டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது ஃபிலிமின் அசைவை சீரியல் மாதிரி வழவழப்பாக்கிவிடும். ஒலியைப் பொறுத்தவரை, இந்தப் படங்கள் பெரும்பாலும் மோனோ ஒலியில், அதாவது ஒரே ஒலித்தடத்தில் வெளிவந்தவை. சரவுண்ட் விளைவுகள் வேண்டாம், ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும்.

படி 2: முதல் தடவை சும்மா பாருங்கள்

நோட்டை மூடி வையுங்கள். சப்டைட்டிலைப் படித்துக்கொண்டு கதையோடு போங்கள். எந்த இடத்தில் உங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே தொண்டை அடைத்தது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். நாம் திரும்பிப் போகப்போவது அந்த இடங்களுக்குத்தான்.

படி 3: ஒரு காட்சியை எடுத்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்

நான்கைந்து நிமிடக் காட்சி ஒன்று போதும். சப்டைட்டிலையும் எடுத்துவிடுங்கள். நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: நேரம், கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது. மூன்றாவது இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 'பிரீஃப் என்கவுன்டர்' படத்தை டேவிட் லீன் இயக்கினார். ஒளிப்பதிவு ராபர்ட் க்ராஸ்கர். ரயில் நிலையக் காட்சிகள் வட இங்கிலாந்தின் கார்ன்ஃபோர்த் நிலையத்தில், 1945-இன் தொடக்கத்தில், போர் முடிவதற்கு முன்பே இரவு நேரங்களில் படமாக்கப்பட்டன. ஊரே விளக்கணைத்துக் கிடந்த காலத்தில் ஒரு நிலையத்தில் மட்டும் படப்பிடிப்பு விளக்குகள் எரிந்தன. விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் அணைத்துவிட நேரம் கிடைக்கும் அளவுக்கு அந்த இடம் தள்ளி இருந்தது என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் ஒன்று. அந்த இருளையும் நீராவியையும் கவனியுங்கள். நிலையத்தின் சுரங்கப் பாதையில் இருவரும் நிற்கும்போது நிழல்கள் அவர்களைவிடப் பெரிதாகச் சுவரில் விழும். கௌரவமான நடுத்தரக் குடும்பத்துப் பெண் லாரா. வீட்டில் அவள் மேல் விழுகிற விளக்கொளி ஒழுங்கானது. நிலையத்தில் விழுவது வேறு மாதிரி: நீராவி மறைக்கும், ரயில் ஜன்னல்களின் ஒளி முகத்தில் அடித்துவிட்டு ஓடும். அவளுடைய இரண்டு வாழ்க்கையையும் ஒரு வசனமும் இல்லாமலே பிரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி: நகர்வது மனிதரா, கேமராவா?

இதைக் கற்றுக்கொள்ள இயக்குநர் மாக்ஸ் ஓஃபுல்ஸைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 'தி இயர்ரிங்ஸ் ஆஃப் மதாம் த' (1953) படத்தின் முதல் ஷாட்டைப் பாருங்கள். கடனை அடைக்க எதை விற்கலாம் என்று ஒரு சீமாட்டி தன் பொருள்களைத் தேடுகிறாள். நமக்கு முகம் தெரியாது, கைதான் தெரியும். அந்தக் கை நகைகளைத் தொடும், அலமாரியைத் திறக்கும், உடைகளையும் ரோமக் கோட்டுகளையும் தடவிப்போகும். கேமரா கையின் பின்னாலேயே போகும். கடைசியில்தான், அதுவும் ஒரு கண்ணாடியில், அவளாக நடிக்கும் டேனியல் டாரியூவின் முகம் தெரியும். பொருள்கள் முதலில், பெண் பிறகு. அவள் யாரென்று அந்த ஷாட் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கணவர் பரிசாகத் தந்த காதணியை அவள் விற்கிறாள். அது கை மாறி, நாடு மாறி, அவள் உண்மையாகக் காதலிக்கும் மனிதனின் பரிசாக அவளிடமே திரும்பி வருகிறது. அதற்குள் அவள் ஆளே மாறியிருப்பாள்.

இதே கேள்வியை 'தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' (1957) படத்தில் கேட்டால் பதில் நேர்மாறாக வரும். மிக்கயில் கலடோசோவ் எடுத்த சோவியத் படம். கான் திரைப்பட விழாவில் 1958-இல் தங்கப் பனை விருது பெற்றது. ஒளிப்பதிவாளர் செர்கேய் உருசேவ்ஸ்கி இரண்டாம் உலகப் போரில் போர்முனையில் கேமரா பிடித்தவர். ஓஃபுல்ஸின் கேமரா வழுக்கிப் போகும். உருசேவ்ஸ்கியின் கேமரா மூச்சிரைக்க ஓடும். போருக்குப் புறப்படும் காதலனை வழியனுப்ப வெரோனிகா பஸ்ஸில் வருகிறாள். கூட்டத்தால் பஸ் நின்றுபோகிறது. கையில் பிடித்த கேமரா அவளோடு பஸ்ஸுக்குள் இருக்கிறது, அவளோடு இறங்குகிறது, கூட்டத்தில் முண்டியடிக்கிறது. பிறகு வெட்டே இல்லாமல் மேலே எழும்பி, டாங்கிகளுக்கு நடுவே ஓடும் சின்ன உருவமாக அவளைக் காட்டுகிறது. ஒரு பெண்ணின் பதைப்பையும், அந்தப் பதைப்பை நசுக்கப்போகும் போரின் அளவையும் ஒரே ஷாட்டில் வைத்தது பெரிய காரியம். அவர்கள் கடைசிவரை சந்திக்கவில்லை. அவள் எறிந்த பிஸ்கட் பொட்டலம் அணிவகுத்துப் போகிறவர்களின் காலடியில் நொறுங்குகிறது. இந்தக் காட்சியை ஒலியில்லாமல் பார்க்க மறக்காதீர்கள். உங்கள் நோட்டில் இரண்டாவது பத்தி நிரம்பிவிடும்.

மூன்றாவதாக, இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னல், தூண், கண்ணாடி, விளக்கு. பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'கன்டெம்ப்ட்' (1963) படத்தில் பிரிந்துகொண்டிருக்கும் தம்பதி ஒரு மேசை விளக்கின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசுவார்கள். கேமரா இருவரையும் ஒரே சட்டத்தில் சேர்க்காமல் இந்த முகத்துக்கும் அந்த முகத்துக்குமாகப் போய்ப்போய் வரும். நடுவில் விளக்கு எரியும், அணையும். அவர்கள் பேசும் மொழி தெரியாவிட்டாலும் இந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரியும்.

படி 4: நிறத்துக்கு ஒரு தனிச் சுற்று

கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு இந்தப் படி தேவையில்லை. வண்ணப் படம் என்றால் கட்டாயம் தேவை.

ஷெர்பூர் படத்தில் கதாநாயகி ஜெனவியேவின் தாய் குடைக்கடை நடத்துகிறார். 'கை' என்ற பெயருடைய காதலன் கார் மெக்கானிக். தெமியும் கலை இயக்குநர் பெர்னார் எவேனும் அசல் ஷெர்பூர் நகரத்துக் கடைகளிலும் வீடுகளிலும் அடர் நிறங்களைப் பூசி, பூப்போட்ட சுவர்த்தாள்களை ஒட்டினார்கள். காட்சிக்குக் காட்சி, பாத்திரம் போட்டிருக்கும் உடைக்கும் பின்னாலிருக்கும் சுவருக்கும் உள்ள உறவைக் குறித்துக்கொள்ளுங்கள். கை அல்ஜீரியப் போருக்குப் போய்விட்டான், ஜெனவியேவ் கர்ப்பம், தாய் பணக்கார வைர வியாபாரியைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். அந்த நாட்களில் ஒரு காட்சியில் அவளுடைய பூப்போட்ட உடையும் பின்சுவரின் பூக்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அவள் சுவரோடு சுவராகக் கரைகிறாள். முதலில் பார்க்கும்போது அழகான அலங்காரமாகத்தான் தோன்றும். கதை தெரிந்து பார்த்தால் பதறும். கடைசிக் காட்சி பெட்ரோல் பங்க்கில், பனிக்கால இரவில் நடக்கிறது. அதுவரை கண்ணை நிறைத்த நிறங்கள் எங்கே போயின என்று நீங்களே பாருங்கள்.

க்ளோத் லெலூஷின் 'எ மேன் அண்ட் எ வுமன்' (1966) வண்ணத்துக்கும் கறுப்பு-வெள்ளைக்கும் மாறி மாறிப் போகும். காரணம் பணத் தட்டுப்பாடு. முழுப் படத்துக்கும் வண்ண ஃபிலிம் வாங்க முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டபின் சிலர் அந்த மாற்றங்களுக்கு அர்த்தம் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தட்டுப்பாடு காரணமாக இருக்கலாம், ஆனால் எந்தக் காட்சிக்கு எது என்று தீர்மானித்தது ஒரு மனிதர். இறந்துபோன கணவரைப் பற்றிய நாயகியின் நினைவுகள் வண்ணத்தில் ஒளிர்கின்றன. அவள் இப்போது வாழும் வாழ்க்கையின் பெரும்பகுதி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. புதிய காதலனோடு இருக்கும் அந்தரங்கமான நேரத்தில் பழைய வண்ணங்கள் குறுக்கே வந்து விழும்போது, அவளால் ஏன் மனம் ஒன்ற முடியவில்லை என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

போ விடர்பெர்க்கின் ஸ்வீடிஷ் படம் 'எல்விரா மாடிகன்' (1967) இன்னொரு துருவம். 1889-இல் உண்மையாக நடந்த கதை அது. ராணுவத்தை விட்டு ஓடிவந்த அதிகாரியும் சர்க்கஸில் கயிற்றில் நடக்கும் பெண்ணும் டென்மார்க்கில் தலைமறைவாகத் திரிந்து, கையில் காசு தீர்ந்து பசியில் வாடிய நிலையில், அதிகாரி அவளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். ஒளிப்பதிவாளர் யோர்கன் பெர்சோன் இயற்கை வெளிச்சத்தை நம்பியே எடுத்தார். வெயிலில் மினுங்கும் புல்வெளி, மஞ்சள் தலைமுடி, வெள்ளைத் துணி. இவ்வளவு அழகு தேவையா என்று படம் வந்தபோதே சிலர் கேட்டார்கள். தேவைதான். அந்தக் கோடைகாலம் அவர்களுக்குச் சோறு போடாது என்பதுதான் படத்தின் விஷயமே.

படி 5: இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

அதே காட்சியை ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் மூன்றாவது பத்தியை நிரப்புங்கள். முதலில் எழுத வேண்டியது, இசை எங்கிருந்து வருகிறது என்பது. பாத்திரங்கள் வாழும் உலகத்துக்குள் ஒரு ரேடியோவோ, பாடகரோ, வாத்தியக் குழுவோ அதை வாசிக்கிறதா? அல்லது நமக்கு மட்டும் கேட்கிறதா?

இந்த ஒரு கேள்வி 'பிரீஃப் என்கவுன்டர்' படத்தையே திறந்துவிடும். அதில் வரும் பெரிய இசை ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் இரண்டாவது பியானோ கன்செர்டோ, அதாவது பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு. வாசித்தவர் ஐலீன் ஜாய்ஸ். பலரும் இதைப் பின்னணி இசை என்றே நினைக்கிறார்கள். ஆனால் காட்சியைக் கவனியுங்கள். பிரிவு முடிந்து வீட்டுக்கு வந்த லாரா, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் கணவனுக்கு எதிரே உட்கார்ந்து ரேடியோவைத் திருப்புகிறாள். அந்த இசை அந்த ரேடியோவிலிருந்து வருகிறது. அதைக் கேட்டபடியே மனதுக்குள் கணவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தொடங்குகிறாள். வரவேற்பறை கரைந்து சிற்றுண்டி அறை வருகிறது. அப்படியென்றால் நாம் பார்க்கும் காதல் கதை முழுக்க ஒரு குடும்பத்தலைவி ரேடியோ கேட்டுக்கொண்டு நினைத்துப்பார்ப்பது. சத்தம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் குறைக்கலாமே என்று நடுவில் கணவன் சொல்வான். பாவம், நல்ல மனிதன். தன் எதிரே எவ்வளவு பெரிய சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. கதைக்குள் இருவரும் ஒன்றாகக் கேட்கும் இசைகள் வேறு: உணவகத்தில் வாசிக்கும் சின்னக் குழு, தெருவில் சுற்றும் கைச்சுழல் ஆர்கன். சாதாரணமான, கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும் இசைகள். ரஹ்மானினோவ் லாராவுக்கு மட்டுமே சொந்தம். அந்தக் கன்செர்டோவின் வரலாறும் பொருத்தமானதுதான். 1897-இல் முதல் சிம்பனி படுதோல்வி அடைந்தபின் ரஹ்மானினோவ் சில ஆண்டுகள் எழுத முடியாமல் மனம் ஒடிந்து கிடந்தார். நிக்கொலாய் டால் என்ற மருத்துவரின் சிகிச்சைக்குப் பிறகு 1900-1901-இல் எழுதியது இது, அவருக்கே காணிக்கையாக்கினார். தொடக்கத்தில் பியானோ மட்டும் தனியாக, மெல்லத் தொடங்கிக் கனத்துக்கொண்டே போகும் சுரக்கூட்டங்களை வாசிக்கும். அடைத்து வைத்த ஒன்று மேலே வரும் ஓசை அது. கன்செர்டோவைத் தனியாக ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டுப் படத்துக்குத் திரும்புங்கள்.

படி 6: ஒரே மெட்டு திரும்ப வரும் இடங்களைக் குறியுங்கள்

ஒரு மெட்டு முதன்முதலில் வரும்போது அதற்குப் பொருள் இல்லை. அப்போது திரையில் இருப்பது அதில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த தடவை வரும்போது அந்த நினைவையும் தூக்கிக்கொண்டு வருகிறது. நம் படங்களில் தீம் இசை என்று சொல்வது இதைத்தான்.

எல்விரா மாடிகனில் மொசார்ட்டின் 21-ஆவது பியானோ கன்செர்டோவின் மெதுவான நடுப்பகுதி வருகிறது. வாசித்தவர் கேஸா ஆண்டா. 1785-இல் எழுதப்பட்ட அந்த இசைக்கு, இந்தப் படம் வந்தபின் 'எல்விரா மாடிகன் கன்செர்டோ' என்றே பெயர் வந்துவிட்டது. கீழே தந்திகள் அமுங்கிய குரலில் துடித்துக்கொண்டிருக்க, மேலே பியானோ ஒரு நீண்ட மெட்டை அவசரமில்லாமல் பாடும். புல்வெளியில் காதலர்கள் விளையாடும்போது கேட்டால் அது ஆனந்தம். அவர்கள் காட்டில் கிடைப்பதைத் தின்று பசியாறும் நிலைக்கு வந்தபின்னும் அதே இசை, அதே வேகம். மொசார்ட் மாறவில்லை, கேட்கும் நாம் மாறிவிட்டோம். சோகத்துக்குத் தனியாக ஒரு சோக இசை போட்டிருந்தால் இந்த வலி கிடைத்திருக்காது.

இசையமைப்பாளர் மிஷெல் லெக்ரான் ஷெர்பூர் படத்தில் இதையே இன்னும் விரிவாகச் செய்கிறார். அந்தப் படத்தில் பேச்சே கிடையாது, "பெட்ரோல் போடட்டுமா" என்பது உட்பட எல்லாமே பாட்டு. முதலில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், சீக்கிரம் பழகிவிடும். காதலர்களின் முக்கிய மெட்டு எங்கெல்லாம் வருகிறது என்று நேரத்தோடு குறித்துவாருங்கள். கை போருக்குப் போகும் செய்தியைச் சொல்லும்போது, ரயில் நிலையத்தில் பிரியும்போது, பல ஆண்டுகளுக்குப் பிறகு பெட்ரோல் பங்க்கில் தற்செயலாகச் சந்திக்கும்போது. கடைசிச் சந்திப்பில் அவர்கள் பேசுவது மிகச் சாதாரணமான நாலு வார்த்தை. பின்னால் வாத்தியக் குழு முழு வேகத்தில் அந்தப் பழைய மெட்டை வாசிக்கிறது. அவர்கள் மறந்ததாக நடிப்பதை இசை மறக்கவில்லை.

வைர வியாபாரி ரோலான் கசாருக்கும் தனி மெட்டு உண்டு. தெமியின் முந்தைய படமான 'லோலா'வில் (1961) காதலில் தோற்றுப்போன அதே பாத்திரம்தான் இவர். தன் பழைய காதலைப் பற்றி அவர் பாடும்போது லோலா படத்தின் இசை திரும்ப வரும். கேமரா நான்த் நகரத்தின் ஆளில்லாத பழைய அங்காடிப் பாதைக்குள் போய்வரும். லோலாவை முதலில் பார்த்துவிட்டு வந்தால், இவரைப் பணக்கார வில்லனாக நினைக்க மனம் வராது.

படி 7: இசை எங்கே இல்லை என்று பாருங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. நோட்டின் மூன்றாவது பத்தியில் காலியாக இருக்கும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள்.

இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லெக்லிஸ்' (1962) ஒரு பிரிவோடு தொடங்குகிறது. இரவு முழுக்கப் பேசித் தீர்த்த இருவர், விடியும் நேரத்தில் சொல்ல எதுவுமில்லாமல் ஓர் அறையில் நிற்கிறார்கள். பின்னணி இசை இல்லை. ஒரு மேசை மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். அன்றைய இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பின்போது பதிவாகும் ஒலியைப் பெரும்பாலும் பயன்படுத்தமாட்டார்கள். வசனம் உட்பட எல்லாவற்றையும் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். ஆகவே அந்த விசிறிச் சத்தம் தற்செயலாக வந்து மாட்டியது என்று நினைக்க முடியாது. யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அளவு பார்த்து வைத்த ஒலி.

இதே படத்தின் கடைசி ஏழு நிமிடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மோனிகா விட்டியும் அலென் டெலானும் நடித்த காதலர்கள் அன்று மாலை வழக்கமான தெருமுனையில் சந்திப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். கேமரா அந்தத் தெருமுனைக்குப் போகிறது. இருவரும் வரவில்லை. கட்டி முடிக்காத கட்டடம், ஒழுகும் தண்ணீர்ப் பீப்பாய், பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள், இருட்டியபின் எரியும் தெருவிளக்கு. ஜோவான்னி ஃபுஸ்கோவின் இசை அங்கங்கே வந்துபோகிறது, ஆறுதல் சொல்ல அல்ல. முன்பு அந்த இடத்தில் இருவரும் நின்றது நமக்கு நினைவிருப்பதால்தான் இந்த வெறுமை தாக்குகிறது. படத்தைப் பாதியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் தெரு.

படி 8: கண்ணையும் காதையும் சேருங்கள்

இப்போது காட்சியை ஒலியோடும் படத்தோடும் முழுமையாக ஓடவிட்டு, இரண்டு பத்திகளையும் ஒப்பிடுங்கள். இசை படத்தைத் தொடர்கிறதா, முந்துகிறதா, எதிர்த்து நிற்கிறதா?

பயிற்சிக்கு மதாம் த படத்தின் நடனக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். சீமாட்டியும் இத்தாலியத் தூதரும் வால்ட்ஸ் என்ற, ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனத்தை ஆடுகிறார்கள். ஒலியை அணைத்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது? உடை மாறுகிறது, மண்டபம் மாறுகிறது, ஒரே இரவில்லை, பல இரவுகள். ஆனால் ஒரு காட்சி இன்னொன்றில் கரைவதால் ஒரே நடனமாகத் தெரிகிறது. ஒவ்வொரு இரவிலும் சுற்றியிருக்கும் கூட்டம் குறைகிறது. ஒலியோடு பார்த்தால், இவ்வளவு நாளையும் கட்டிவைத்திருப்பது வால்ட்ஸ்தான் என்று புரியும். வியன்னாவின் முதுபெரும் இசையமைப்பாளர் ஒஸ்கார் ஸ்ட்ராவுஸின் மெட்டு. படத்தின் இசையை அவரோடு சேர்ந்து அமைத்தவர் ஜோர்ஜ் வான் பரிஸ். இருவரும் நடுநடுவே பேசிக்கொள்வது, பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது மட்டும்தான். அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வருகிறது. காதல் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. கடைசி இரவில் வாத்தியக்காரர்கள் கிளம்புகிறார்கள், பணியாள் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைக்கிறான், யாழின்மேல் துணி விழுகிறது. ஊரே வீட்டுக்குப் போனபின்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் இருவரும்.

இந்தப் படியில் இன்னொன்றும் விசாரிக்கலாம்: இசை முதலில் வந்ததா, படம் முதலில் வந்ததா? வழக்கமாகப் படம் முடிந்தபின் இசை அமைப்பார்கள். ஷெர்பூரில் தலைகீழ். லெக்ரானின் இசையும் பாட்டும் முழுக்க முதலில் பதிவாகி, நடிகர்கள் அதற்கு வாயசைத்தார்கள். ஜெனவியேவாக நடித்த கேத்தரின் டெனூவுக்குப் பாடியவர் டேனியல் லிக்காரி. பின்னணிப் பாடகர் முறையில் ஊறிய நமக்கு இது அன்னியமே இல்லை. லெலூஷும் ஃபிரான்சிஸ் லேயின் இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே பதிந்து, தளத்தில் ஒலிக்கவிட்டு எடுத்தவர். தோவில் கடற்கரையில் நாயகியும் நாயகனுமான அனூக் ஏமேயும் ஜான்-லூயி த்ரிந்தின்யானும் நடக்கிற நடையில், அவர்களைத் தூரத்திலிருந்து தொடரும் கேமராவின் அசைவில் அந்தத் தாளம் இருக்கிறது. கேமராவைக் கையில் வைத்திருந்தவரே லெலூஷ்தான்.

படி 9: ஒரே படத்தை இரண்டு இசையோடு பாருங்கள்

இசை எவ்வளவு செய்கிறது என்பதில் இன்னும் சந்தேகம் இருந்தால், அதைத் தீர்க்க ஒரு படம் தயாராக இருக்கிறது. கோதாரின் 'கன்டெம்ப்ட்' இரண்டு வடிவங்களில் வெளிவந்தது. பிரெஞ்சு வடிவத்துக்கு ஜோர்ஜ் தெலரூவின் இசை: தந்திகள் அலை அலையாக எழும் ஒரு துயர மெட்டு, திடீரென்று வந்து திடீரென்று நிற்கும், படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கணவனும் மனைவியும் அற்பமான விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது தொடங்கிவிடும். அவர்களுக்குத் தெரியாத முடிவு இசைக்குத் தெரிந்திருக்கிறது. இத்தாலிய வடிவத்தைத் தயாரிப்புத் தரப்பு சுருக்கி, எல்லோருக்கும் இத்தாலிய மொழியில் டப்பிங் செய்து, பியேரோ பிச்சோனியின் ஜாஸ் இசையைப் போட்டு வெளியிட்டது.

பிரிஜித் பார்தோவின் முகமும் மிஷெல் பிக்கோலியின் தொப்பியும் இரண்டிலும் அதேதான். ரவூல் கூத்தாரின் அகலத்திரை ஒளிப்பதிவும், காப்ரித் தீவில் கடலுக்கு மேல் நிற்கும் மாலபார்தே மாளிகையும் அதேதான். முதலில் பிரெஞ்சு வடிவத்தைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, தெலரூ மெட்டு காதிலிருந்து இறங்கியபின், இத்தாலிய வடிவத்தைத் தேடிப் பிடித்து, இரண்டிலும் இருக்கும் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் அந்தக் காட்சிக்கு நான்காவதாக ஒரு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு வடிவத்திலும் யார்மேல் இரக்கம் வந்தது என்று பெயரை எழுதுங்கள்.